வாதை உன் கூடாரத்தை அணுகாது: ஒரு விரியன் கடியும் ஒரு வாக்குத்தத்த அட்டையும்

சித்தப்பாவின் வேதாகமத்தில் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஓரத்தில் ரோஜாப்பூ அச்சு, நடுவில் சங்கீதம் 91:10: "ஆகையால் பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." 2022 டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனை முடிந்ததும், தாம்பாளத்தில் குவித்து வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் அவர் கைக்கு வந்தது அது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் இது வழக்கம். கண்ணை மூடி ஒன்றை எடுப்போம். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுத்த வார்த்தை அதுதான். வாசலைத் தாண்டுவதற்குள் "உங்களுக்கு என்ன வசனம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அன்று சித்தப்பா தன் அட்டையை எல்லாரிடமும் காட்டினார். நல்ல வசனம் என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

பத்து வாரம் கழித்து அவரை விரியன் கடித்தது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சித்தியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் வராது. அந்த ராத்திரி அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் சித்தப்பாவை உயிராக நினைத்தவர்கள். அவர்களில் யாரையும் குற்றம் சாட்ட எனக்கு மனசில்லை. ஆனால் நடந்ததை மணிக்கணக்கோடு எழுதி வைக்காவிட்டால் அடுத்த வீட்டிலும் இதே நடக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை

2023 மார்ச் 10, ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்களின் மூன்றாம் வெள்ளி. பிசான அறுப்பு முடிந்து தாமிரபரணிப் பாசன வயல்களில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். சாயங்காலம் 6.40 வாக்கில் சித்தப்பா படப்பு ஓரத்தில் கிடந்த வைக்கோல் கட்டு ஒன்றைப் புரட்டினார். குக்கர் விசில் அடிக்கத் தொடங்குகிற மாதிரி ஒரு சீறல் கேட்டதாம். கையை இழுத்துக்கொண்டார், காலை எடுப்பதற்குள் கடித்துவிட்டது. வலது கரண்டைக்காலில் இரண்டு புள்ளி. செல்போன் வெளிச்சத்தில் தடித்த உடம்பும், முதுகு நெடுக சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டப் புள்ளிகளும் தெரிந்தன என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். கண்ணாடி விரியன்தான்.

துண்டால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தார். இரண்டுமே செய்யக்கூடாதவை. நடந்தால் விஷம் சீக்கிரம் ஏறும். இறுக்கிக் கட்டினால் காலுக்கு ரத்தம் போகாது, தசை அழுகும். கடிபட்ட காலை ஆட்டாமல், ஒரு கட்டையை அணைவைத்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக நம் ஊர்களில் சொல்லிக்கொடுத்த முதலுதவி அந்தத் துண்டுக்கட்டு ஒன்றுதானே.

பாம்புக்கடிக்குப் பாடம் போடுகிற பெரியவர் ஒருவர் அந்தத் தெருக்கோடியில் உண்டு. கூட்டிவரவா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "வேண்டாம் அண்ணாச்சி, நமக்கு ஆண்டவர் இருக்காரு" என்று சித்தி சொல்லிவிட்டாள். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம், மந்திரிக்கிற வாசல் மிதிக்காத குடும்பம். அந்த விஷயத்தில் சித்தி சரியாகத்தான் நின்றாள்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிற எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். "ஒரு ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புவோம்" என்றுதான் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஜெபக்குழு பக்கத்துத் தெருவில் கூடியிருந்தது. ஏழு பேர் ஓடி வந்தார்கள். குழுவை நடத்துகிற சகோதரர் சித்தப்பாவுக்குப் பள்ளிக்கூடக் கூட்டாளி. பதினொரு வருடத்துக்கு முன் அவரையே ஒரு பாம்பு கடித்திருந்தது. ஜெபித்தார், ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சாட்சியைக் கேட்காதவர்கள் ஊரில் கிடையாது.

சித்தி வேதாகமத்திலிருந்து அட்டையை எடுத்துச் சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். சங்கீதம் 91 முழுவதும் வாசித்தார்கள். "சர்ப்பங்களை எடுப்பார்கள்" என்கிற மாற்கு 16:18, சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க அதிகாரம் கொடுக்கிற லூக்கா 10:19. திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார்கள். நடுவில் சித்தப்பா, வலி கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருக்கு என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையில் இன்னும் ஒரு மணி நேரம் போனது.

சித்தி 7.20-க்கு எனக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் கோயிலில் லெந்து ஆராதனையில் இருந்தேன். போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. 9.15-க்குப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"பூச்சி தட்டியிருக்கு பிள்ள. ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம். இப்பதான் வாந்தி எடுத்தாரு. துப்புனா வெத்தலை போட்ட மாதிரி செவப்பா வருது."

ஈறிலிருந்து ரத்தம். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. 108-க்குப் போடச் சொன்னேன், அவரை ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள் என்றேன். அவரை ஆஸ்பத்திரியில் இறக்கும்போது மணி 10.35. கடித்து நாலு மணி நேரம் ஆகப்போகிறது.

கண்ணாடிக் குழாய்

விரியன் கடிக்கு முதலில் செய்கிற சோதனைக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, பிறகு சாய்த்துப் பார்ப்பது. நல்ல ரத்தம் உறைந்து அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது டியூட்டி நர்ஸ் குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். சித்தப்பாவின் ரத்தம் தண்ணீராக ஓடியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைத் தின்று தீர்க்கிறது. உள்ளே அங்கங்கே நுண்ணிய ரத்தக் கட்டிகளை உண்டாக்குகிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அதற்கு மருந்து ஒன்றே ஒன்று, விஷமுறிவு ஊசி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்கிற நாலுக்கும் சேர்ந்த மருந்து. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் பாம்பு பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். அந்தக் குப்பியை உடைத்து சலைனில் கலக்கும் ஒவ்வொரு தடவையும் ஆண்டவருக்கு நன்றி சொல்வது என் வழக்கம்.

சித்தப்பாவுக்குப் பத்துக் குப்பி ஏறியது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதித்து மறுபடி ஏற்றினார்கள். மறுநாள் ரத்தம் உறைந்தது. ஆனால் அந்த மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற விஷத்தை முறிக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்தைத் திருப்பித் தராது. நேரம் நேரம் என்று நாங்கள் அடித்துக்கொள்வது அதற்காகத்தான். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி டயாலிசிஸ் தொடங்கினார்கள். ஒரு வாரம் கழித்து மூச்சுத் திணறல். மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் போய்ச் சேர்ந்தார்.

ஏழு மணிக்கே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? விரியன் கடியில் அடித்துச் சொல்ல முடியாது. பிழைக்க வழி அதிகம் இருந்திருக்கும், அது மட்டும் நிச்சயம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000. இவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. ஒவ்வொரு மதத்திலும் நேரத்தைக் கடத்துவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

சித்தியின் கேள்வி

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபத்தில், வந்தவர்களில் ஒருவர் மெதுவான குரலில் சொன்னார்: "வசனம் பொய்யாகாது. விசுவாசத்துல எங்கயோ ஒரு சின்னக் குறை இருந்திருக்கும்." ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னார்.

அன்று ராத்திரி அடுப்படியில் சித்தி என்னைக் கேட்டாள். "ஏ பிள்ள, நான் எந்த எடத்துல தப்பாச் சொன்னேன்? 'அணுகாது'ன்னுதான சொன்னேன்? அட்டையப் பாத்துதான வாசிச்சேன்?"

இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாடம் போடுகிறவரை வாசலிலேயே வேண்டாம் என்று சொன்ன சித்தி, தனக்கே தெரியாமல் அவர் இடத்தில் வசனத்தை உட்கார வைத்துவிட்டாள். மந்திரத்தின் சட்டம் நமக்குத் தெரியும். எழுத்துப் பிசகாமல் சொன்னால் பலிக்கும், பலிக்கவில்லை என்றால் சொன்னவர் எங்கோ பிசகிவிட்டார். மந்திரத்தின் மேல் எப்போதும் பழி விழாது. "விசுவாசக் குறைவு" என்கிற தீர்ப்பும் அச்சாக இதே சட்டம்தான். விரியன் ஒரு தடவை கடித்தது. இந்தப் பேச்சு சித்தியை ஒவ்வொரு ராத்திரியும் கடித்தது. புருஷனைப் பறிகொடுத்தவள், அவரைச் சாகவிட்டவளும் தான்தான் என்று நம்பத் தொடங்கியிருந்தாள்.

சகோதரரின் சாட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. விஷப்பாம்பு கடித்தும் விஷத்தை இறக்காமல் விட்டுவிடுகிற கடி உண்டு, நாங்கள் வார்டில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்துப் பதறிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஆண்டவர் அவரைக் காத்தாரா என்று கேட்டால், காத்தார் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பிழைத்தவர்களின் சாட்சி மட்டும்தான் மைக்குக்கு முன்னால் வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சாட்சி சொல்ல வாய் இல்லை.

எழுத்தின்படி என்றால் எந்த எழுத்து?

"வேதத்தை அப்படியே எடுக்கக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தால், நாளைக்கு உயிர்த்தெழுதலையும் அப்படியே எடுக்க வேண்டாம் என்பீர்கள்." சகோதரர் என்னிடம் கேட்டது இது. நியாயமான கேள்வி. என் பதில்: அப்படியே எடுப்போம், ஆனால் ஒரு வரியை மட்டும் கிழித்து எடுக்காமல் முழுவதையும் எடுப்போம்.

91-ஆம் சங்கீதத்தையே பார்க்கலாம். நாலாம் வசனத்தில் ஆண்டவர் தமது சிறகுகளாலே நம்மை மூடுகிறார். அவருக்கு இறகு உண்டு என்று சகோதரரும் நம்பவில்லை. 13-ஆம் வசனத்தில் விரியன்பாம்பின்மேல் நடப்பாய் என்று இருக்கிறது. 1871-இல் வெளிவந்த பவர் ஐயரின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் வாசித்து வளர்ந்த நமக்கு, அந்த "விரியன்" என்ற சொல் நம் வரப்பில் கிடக்கிற விரியனாகவே காதில் விழுகிறது. ஆனாலும் சகோதரர் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச்சும் தடியும் கொண்டுதான் போகிறார். அதை அவிசுவாசம் என்று யாரும் சொன்னதில்லை. பிறகு 15-ஆம் வசனம்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் கூட இருப்பது எப்படி? அட்டை அச்சடிக்கிறவர்களுக்குப் பத்தாம் வசனம் போதும். பாட்டை எழுதினவருக்குப் போதவில்லை, பதினைந்து வரைக்கும் போயிருக்கிறார்.

இந்தச் சங்கீதத்தை வேதாகமத்துக்குள்ளேயே ஒருவன் எழுத்தின்படி எடுத்துக் காட்டுகிறான். லெந்தின் தொடக்கத்தில் வாசிக்கிற பகுதி, மத்தேயு 4. ஆலய உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், உமது பாதம் கல்லில் இடறாதபடிக்குத் தூதர்கள் ஏந்திக்கொண்டு போவார்கள் என்று எழுதியிருக்கிறது என்கிறான். வசனம் சரி. சொன்னவன் பிசாசு. அதற்கு ஆண்டவர் சொன்ன பதிலில் ஓர் "உம்" இருக்கிறது, அதை வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிறோம். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே." அந்த வசனம் பொய் என்று அவர் சொல்லவில்லை. இதுவும் எழுதியிருக்கிறது என்கிறார். ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தின் பக்கத்தில் வைத்து வாசிக்க அவரே கற்றுக்கொடுக்கிறார்.

அதே மாதிரி லூக்கா 21. "உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள்" என்று 16-ஆம் வசனம். "உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது" என்று 18-ஆம் வசனம். ஒரே மூச்சில் ஒரே வாய் சொன்னவை. கொலைசெய்யப்படுகிறவரின் தலைமயிர் அழியாது என்றால் அது உடம்பைவிடப் பெரிய காரியத்தைப் பற்றிய வாக்கு. அப்போஸ்தலர் 12-இல் யாக்கோபு பட்டயத்துக்கு இரையாகிறார், பேதுருவைத் தூதன் வந்து வெளியே கூட்டிப்போகிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அதை எழுதின லூக்கா ஓர் எழுத்து எழுதவில்லை.

எசேக்கியா ராஜாவின் கதை நர்ஸான எனக்கு மிகவும் பிடித்தது. சாகப்போகிறவருக்கு ஆண்டவர் பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கிறார். மூன்றாம் நாள் ஆலயத்துக்குப் போவாய் என்று நாள் குறித்தே வாக்கு. அதைவிடத் தெளிவான வாக்குத்தத்தம் யாருக்குக் கிடைத்தது? வாக்குச் சொன்ன அதே ஏசாயா தீர்க்கதரிசிதான், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்கு கிடைத்த பிறகுதான் மருந்து. ராஜா அதை மறுக்கவும் இல்லை.

மாற்கு 16:18-ஐப் பற்றி ஒரு வார்த்தை. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் என்கிற வேதாகமக் கையெழுத்து ஏடுகள் இரண்டிலும் மாற்கு சுவிசேஷம் 16:8-ஓடு முடிகிறது. பாம்பு எடுக்கிற வசனம் அந்த ஏடுகளில் இல்லை. அதைக் காட்டி வசனத்தைத் தள்ளிவிட நான் வரவில்லை. மெலித்தா தீவில் பவுல் விறகு பொறுக்கி நெருப்பில் போடும்போது விரியன் கையைக் கவ்வியது, அவர் தேடிப்போய்ப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் அந்த வசனத்தைக் கட்டளையாக எடுத்து ஆராதனையில் பாம்பைக் கையில் பிடிக்கிற வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி, 1955-இல் பாம்பு கடித்தே இறந்தார். மெலித்தாவில் உயிர்பிழைத்த அதே பவுல்தான் தன் கூட்டாளி துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதுகிறார்.

களக்காட்டுப் பள்ளம்

நம் ஜில்லாவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மாவைவிட ஜெபத்தில் ஊன்றினவர் என்று யாரைக் காட்டுவது? 1931 அக்டோபர் 24 அன்று, வைத்திய ஊழியத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனார். இருட்டும் நேரம், எதிர்பாராத இடத்தில் வெட்டியிருந்த குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு 1951 ஜனவரி 18-இல் கண்மூடும்வரை, ஏறத்தாழ இருபது வருடம், பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமாகவே இருந்தார்.

"உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு." அவர் அந்த வசனத்தை நம்பாதவரா? அந்தக் கட்டிலில் இருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார், நோயில் கிடக்கிறவர்களுக்கென்றே எழுதினார். அவருடைய ஜெபக்கூட்டத்தார்தான் டோனாவூரில் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். ஜெபத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே அவர்கள் வேலி போடவில்லை. நம் தாத்தா பாட்டிமார் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். நமக்கு நடுவில் எப்போது அந்த வேலி முளைத்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

எல்லாம் எழுதியபிறகும், நான் ஜெபத்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். டாக்டர்கள் கைவிட்டவர்கள் எழுந்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு மருத்துவத்தில் விளக்கம் தேட எனக்கு ஆசையும் இல்லை. டயாலிசிஸ் முடிந்து சித்தப்பா களைத்துக் கிடந்த ஒரு மத்தியானம், ஏதாவது வாசி என்றார். பழக்கத்தில் பத்தாம் வசனத்தைத் தொடங்கினேன். கையைத் தூக்கி நிறுத்தினார். "அது வேண்டாம் பிள்ள. கடைசியில ஒண்ணு இருக்கும்லா, கூட இருப்பேன்னு. அத வாசி." வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். மூன்று தடவை வாசித்தேன்.

சித்தியின் கேள்விக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். நீ எங்கேயும் தப்பாகச் சொல்லவில்லை சித்தி, அது தப்பில்லாமல் சொன்னால் பலிக்கிற வார்த்தையே இல்லை, ஒருத்தர் கூட இருக்கிறேன் என்று சொன்ன வார்த்தை. ஒரே நாளில் அவள் அதை ஏற்றுக்கொண்டாள் என்று சொல்லமாட்டேன். மாதக்கணக்கில் ஆனது. இடையில் குருவானவர் வந்து ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார், அது என் பேச்சைவிட உதவியது.

2024 நவம்பரில், தமிழ்நாட்டில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அரசு அறிவித்த அதே மாதம், ஒரு ராத்திரி 8.10-க்கு என் போன் அடித்தது. இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தேன். அந்தச் சகோதரர்தான். பின்னால் லோடு ஆட்டோ இரைகிற சத்தம்.

"சிஸ்டர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாசல்ல வச்சு பூச்சி தட்டிட்டு. பத்து நிமிசம்கூட ஆகல. கால்ல கட்டையை அணைவச்சுப் படுக்க வச்சுட்டோம், கட்டு எதுவும் போடல. கெளம்பிட்டோம். நேரா எந்த வாசலுக்கு வரணும்?"

அவசர சிகிச்சை வாசல் என்றேன். நானும் கிளம்புகிறேன் என்றேன். போனை வைக்கப்போகும்போது வண்டிச் சத்தத்துக்குள் சித்தியின் குரல் கேட்டது. பிள்ளையின் தலை அவள் மடியில் இருந்திருக்க வேண்டும். உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் என்று முதலிலிருந்து, நிதானமாக, 91-ஆம் சங்கீதம் சொல்லிக்கொண்டு வந்தாள்.